வீட்டுத்திட்ட வீட்டில் பூனைக்கு எல்லை பழக்க முடியுமா?

முள்ளியவளையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. ஒரு பெட்டைப் பூனை, அது போட்டு வளர்ந்த கடுவன் ஒன்று. இரண்டும் குசினி மேடையில் ஏறுகின்றன. ஐந்து வயது மகனின் நுளம்பு வலைக்குள் புகுந்து படுக்கின்றன. விடியப்புறம் நாலு மணிக்குக் கத்தி வீட்டையே எழுப்புகின்றன. மகனுக்கு இடைக்கிடை முட்டு, அதாவது மூச்சிழுப்பு, வருகிறது. மாமி தும்புத்தடியால் அடித்துத் துரத்துகிறார், சாக்கில் கட்டி மீன் சந்தையடியில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். கணவர் நெல் மூட்டைக்குப் பூனை வேண்டும் என்கிறார், சாப்பிடும்போது மீன் துண்டும் போடுகிறார். தாய்ப் பூனைக்கு இப்போதும் வயிறு பெருத்திருக்கிறதாம். "பூனைக்கு எல்லை பழக்க ஏலுமா, இல்லாட்டி கொண்டுபோய் விடுறதுதான் வழியா?" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் பூனையைப் பற்றிய கேள்வி பாதிதான். ஒரே வீட்டில் மூன்று பெரியவர்கள் மூன்று விதமாக நடந்தால் அந்த வீட்டுப் பூனை எதைப் பழகும் என்பதும், பிள்ளையின் முட்டுக்குப் பூனைதான் காரணமா என்பதும் மீதிப் பாதி. நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பழக்கலாம், வளர்ந்த பூனையையும் பழக்கலாம். கொண்டுபோய் விடத் தேவையில்லை, விட்டாலும் நீங்கள் நினைக்கிற விடிவு கிடைக்காது. ஆனால் பூனைக்குப் பழக்குவதற்கு முன் வீட்டில் உள்ளவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

நான் பேராதனையில் கால்நடை மருத்துவம் படித்து, வன்னியில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பார்த்ததில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். பூனைக்கென்று தனியாக வருபவர்கள் குறைவு. மாட்டுக்கு மருந்து எடுக்க வரும்போது உரப்பைக்குள் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த பூனைகளும், மாடு பார்க்கப் போன வீடுகளில் கண்ட பூனைகளும் ஏராளம். மனித வைத்தியம் நான் படித்ததில்லை. ஆகவே மகனின் முட்டைப் பற்றிப் பேசும்போது என் வரம்புக்குள்தான் நிற்பேன்.

வன்னியில் வீட்டுக்கு வீடு கேட்கும் ஒரு நம்பிக்கை, பூனைக்கு வயிறு நிறையப் போட்டால் எலி பிடிக்காது என்பது. இது பிழை என்று உறுதியாகச் சொல்லலாம். பசி வேறு, வேட்டைக் குணம் வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலி அசைந்தால் பாயும், பிடித்துவிட்டுத் தின்னாமல் வாசலில் போட்டுவிட்டுப் போகும். அரை வயிற்றில் விட்ட பூனைக்கோ எலிக்குக் காத்துக் கிடப்பதை விட உங்கள் சட்டி மூடியைத் தள்ளுவது சுலபம். நான் கண்ட கள்ளப் பூனைகளில் பெரும்பாலானவை அரைப் பட்டினிப் பூனைகள். எனவே எல்லை வைக்கும் வேலையைச் சாப்பாட்டுத் தட்டில் தொடங்குங்கள். காலையில் ஒரு நேரம், பொழுது படும்போது ஒரு நேரம், எப்போதும் ஒரே இடம். நாலு கிலோப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி வேண்டும், குட்டி சுமக்கும் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் அதைவிடக் கூட. பூனை இறைச்சி தின்னும் பிராணி. சோற்றில் குழம்பைப் பிசைந்து வைத்தால் வயிறு நிறையும், உடம்புக்குக் காணாது. பாதிக்கு மேல் மீனோ முட்டையோ இறைச்சியோ இருக்கட்டும். சூடை, காரல் என்று மலிவாகக் கிடைப்பதை வெங்காயமும் உப்பும் போடாமல் அவித்து, அவித்த தண்ணீரோடு வையுங்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் அவசியமான டோரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். நாளாந்தம் பச்சை மீன் மட்டும் கொடுப்பதும் நல்லதில்லை. சில மீன்களில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1ஐ அழிக்கும், அவித்தால் அந்த நொதியம் செயலற்றுப் போகும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குழியங்களை உடைப்பவை. பாலும் தேவையில்லை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றோட்டத்தைத்தான் கொடுக்கும்.

இப்போது குசினி மேடைக்கு வருவோம். பூனை மேடையில் ஏற இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மணம், மற்றது உயரம். உயரத்தில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்கு இயல்பான தேவை, அதை அடித்து மாற்ற முடியாது. மாமி தும்புத்தடியைத் தூக்கும்போது பூனை படிப்பது 'மாமி இருக்கும்போது ஏறக்கூடாது' என்பதை மட்டும்தான். மாமி கிணற்றடிக்குப் போனதும் அது திரும்ப ஏறும். அடியின் தொடர்பு பூனைக்குச் செயலோடு ஏற்படுவதில்லை, ஆளோடுதான் ஏற்படுகிறது. தண்ணீர் தெளிப்பதும் அப்படியே. ஆகவே மேடையில் இருந்து கிடைக்கும் இலாபத்தை நிறுத்துங்கள். அறுத்த மீன் கழிவை உடனே வெளியே எடுங்கள், சட்டிகளை மூடுங்கள், பலகையைக் கழுவுங்கள். எங்கள் அம்மம்மாமார் தயிரையும் பொரியலையும் உறியில் தொங்கவிட்டது இதற்காகத்தான். இன்றைக்கு ஒரு வலையடித்த அலுமாரி போதும். அடுத்ததாக, மேடையளவு உயரத்திலோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ, குசினி தெரிகிற இடத்தில் பூனைக்கென்று ஒரு பலகை அடித்துக் கொடுங்கள், அதன்மேல் ஒரு சாக்குத் துண்டைப் போடுங்கள். மேடையில் ஏறினால் சத்தம் போடாமல் தூக்கிக் கீழே விடுங்கள். பலகையில் இருக்கும்போது மட்டும் ஒரு சின்ன மீன் துண்டு. கணவருக்கு மீன் கொடுக்க ஆசையென்றால் அவரும் அங்கே கொண்டுபோய் வைக்கட்டும், சாப்பிடும் இடத்தில் ஒரு துண்டும் விழக்கூடாது. தேசிக்காய்த் தோல், ஒட்டும் டேப், அலுமினியத் தாள் என்று பலர் சொல்வார்கள். இவை சில பூனைகளிடம் பலிக்கும், சில பூனைகள் அதன் மேலேயே படுக்கும். முயன்று பார்க்கலாம், நம்பியிருக்க வேண்டாம். இன்னொன்று, மாரி காலத்தில் குளிருக்குப் பூனை விறகடுப்புச் சாம்பலுக்குள் சுருண்டு கிடக்கும். விடியப்புறம் இருட்டில் அடுப்பு மூட்டும் முன் கையால் தட்டிப் பாருங்கள்.

நாலு மணிக் கத்தலுக்குக் காரணம் கெட்ட குணம் ஒன்றும் இல்லை. விடியலும் பொழுது படும் நேரமும்தான் பூனையின் வேட்டை நேரம், அந்த நேரத்தில் அது விழித்துத்தான் இருக்கும். கத்தினால் யாரோ எழும்பி ஏதோ வைப்பார்கள் என்பது மட்டும் நீங்கள் பழக்கிவிட்டது. இதை மாற்ற, இரவுச் சாப்பாட்டைப் படுக்கப் போகும் நேரத்துக்குக் கிட்டவாகத் தள்ளுங்கள். அதற்கு முன் ஒரு நூலில் பனையோலைத் துண்டைக் கட்டி மகனைக் கொஞ்ச நேரம் ஓட்டி விளையாட விடுங்கள். ஓடி, பாய்ந்து, பிடித்து, பிறகு தின்று, பிறகு நித்திரை என்பதுதான் பூனையின் ஒழுங்கு. காலையில் எழும்பியவுடன் சாப்பாடு வைக்காதீர்கள். அடுப்பு மூட்டி, தேத்தண்ணி குடித்து, அதற்குப் பிறகு வையுங்கள். அப்போதுதான் உங்கள் கண் விழிப்புக்கும் அதன் தட்டுக்கும் உள்ள தொடர்பு அறும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்டதும் முதல் சில நாட்கள் கத்தல் கூடும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பொறுக்க முடியாமல் எழும்பி ஒரு துண்டு கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பழக்கிவிடுவீர்கள். எட்டு நாள் பொறுத்து ஒன்பதாம் நாள் கொடுப்பதை விட முதல் நாளே கொடுப்பது பாதகம் குறைந்தது. அதனால்தான் வீட்டார் மூவரும் முதலில் பேசிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நுளம்பு வலை விஷயத்தில் நான் உங்களை விடக் கடுமையாக இருப்பேன். 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, ஆனால் டெங்கு எங்களை விட்டுப் போகவில்லை. அதைவிட முக்கியம், நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களை நித்திரையில் கடிப்பது கட்டுவிரியன். கடித்த நோவுகூடப் பல வேளை தெரியாது. நன்றாகச் செருகிய வலை பாம்புக்கும் ஒரு தடை. பூனை முட்டிப் புகுந்த இடம் பாம்புக்கும் வழி. பூனை உயிரோடு பிடித்த பாம்பை வீட்டுக்குள் கொண்டு வருவதும் உண்டு. ஆகவே பிள்ளையின் வலைக்குள் பூனை ஒருபோதும் இல்லை, பகல் நித்திரைக்கும் இல்லை. சரி, எப்படித் தடுப்பது? இணையத்தில் தேடினால் 'படுக்கையறைக் கதவைப் பூட்டுங்கள்' என்று வரும். வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் அறைச் சுவருக்கும் கூரைக்கும் இடையில் இடைவெளி இருக்கும், சீலிங் இருக்காது. கதவைப் பூட்டினால் பூனை சுவரின் மேலால் நடந்து வரும். முழு வீட்டையும் அடைக்க வேண்டாம். மகன் படுக்கும் அறைக்கு மட்டும், சுவருக்கு மேலே கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையை வாங்கி மரச்சட்டத்தோடு அடித்துவிடுங்கள். மரநாயும் வௌவாலும் அதோடு நிற்கும், காற்றும் வரும். அதே நேரத்தில் விறாந்தையில், நிலத்தில் இருந்து உயர, மழைச் சாரல் படாத இடத்தில் ஒரு மட்டைப் பெட்டியை வைத்துப் பழைய சாரம் ஒன்றைப் போடுங்கள். நீங்கள் ஓரிரு நாள் உடுத்த, கழுவாத சாரமாக இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் மணத்துக்கே அது வந்து படுக்கும். வலையைத் தேடி அது போனது சூட்டுக்கும் பாதுகாப்புக்கும்தான். அதே இரண்டும் பெட்டியில் கிடைத்தால் பெரும்பாலான பூனைகள் மாறிவிடும்.

மகனின் முட்டு. பூனையால் முட்டு வரலாம் என்பது உறுதி, ஆனால் உங்கள் மகனுக்குப் பூனையால்தான் வருகிறது என்பது இங்கிருந்து யாரும் சொல்லக்கூடியதில்லை. பூனை மயிர் உள்ளே போய் முட்டு வரும் என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது மயிர் இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். பூனை நக்கும்போது அது உடம்பெங்கும் பரவி, காய்ந்து, தூசாகிப் பறக்கிறது, துணியிலும் மெத்தையிலும் ஒட்டுகிறது. பூனையை இன்றைக்கே வெளியேற்றினாலும் வீட்டில் இந்தத் தூசு மாதக் கணக்கில் கிடக்கும். அதனால் பூனையை விட்டும் முட்டு நிற்காத வீடுகள் உண்டு. விறகடுப்புப் புகை, நுளம்புத்திரிப் புகை, மெத்தைத் தூசில் வாழும் சிற்றுண்ணி, தடிமன் என்று தூண்டுபவை வேறும் இருக்கின்றன. மாஞ்சோலை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டுங்கள், வீட்டில் பூனை இருப்பதையும் புகையையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தெந்த நாளில், எங்கே இருந்தபோது வந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் டொக்டருக்கு உதவும். அதுவரை அறைக்குள் பூனை வேண்டாம், விரிப்புகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் தோயுங்கள், பூனையைத் தடவிய கையை மகன் கழுவட்டும். பூனைதான் காரணம் என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லி, மருந்திலும் அடங்காவிட்டால் பிள்ளைதான் முதல். அப்போது பூனைக்கு நல்ல வீடு தேட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கழிவிடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாரி தொடங்கினால் கேட்பீர்கள். கோடையில் வன்னிப் பூனைக்கு வளவெல்லாம் காய்ந்த மணல், பிரச்சினை தெரியாது. முற்றம் ஊறியதும் அது காய்ந்த இடம் தேடி உள்ளே வரும். சாம்பல், உமி, அழுக்கு உடுப்புக் குவியல் எல்லாம் அதற்குக் கழிவிடம். இரண்டு பூனைக்கு மூன்று பழைய பேசின், நாலு விரல் ஆழத்துக்குக் காய்ந்த மணல், கூரைக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டுக்குத் தூரமாக. நாளுக்கு ஒருமுறை அள்ளிக் கிணற்றுக்குத் தள்ளிப் புதையுங்கள். கட்டட வேலைக்குப் பறித்த மணற்கும்பியைத் தறப்பாளால் மூடுங்கள், பிள்ளைகள் விளையாடும் இடமும் பூனைக்கு விருப்பமான இடமும் அதுதான். பூனை மலத்தில் வரக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா கிருமி வெளியே வந்து 1 முதல் 5 நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். அன்றன்றே அள்ளினால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும், பூனையைத் துரத்தத் தேவையில்லை. கடுவன் பேசினில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது உயிராபத்து. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே கொண்டு போங்கள்.

நகம் கீறுவது பூனைக்குக் குளிப்பது போல அன்றாடத் தேவை. ஒரு முழ உயரத்துக்கு மேல், ஆடாத மரக்கட்டை ஒன்றில் சாக்கைச் சுற்றி, அது இப்போது கீறும் கதிரைக்குப் பக்கத்தில் நட்டால் போதும். கோழி வளர்க்கிறீர்களா தெரியவில்லை. வளர்த்தால் குஞ்சுகளை வளரும் வரை குடாப்புக்குள் வையுங்கள். குஞ்சு பிடித்துப் பழகிய பூனையை அடித்துத் திருத்தியதை நான் காணவில்லை. அயலவரின் குஞ்சு போனால் சோற்றில் நஞ்சு வருகிற ஊர் இது. வீட்டில் எலிப்பாஷாணம் வைப்பதையும் நிறுத்துங்கள், நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்னும். பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் போதாது, ஒரு குளிசையே கொன்றுவிடும். நாய்க்குத் தெள்ளுக்கும் உண்ணிக்கும் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படித்தான்.

விசர்நோயைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் நாட்டில் அதை மனிதருக்குக் கொண்டு வருவதில் நாய்க்கு அடுத்தது பூனை. மூன்று மாதத்தில் ஒரு ஊசி, பிறகு ஆண்டுதோறும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் அல்லது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எப்போது போடுகிறார்கள் என்று கேளுங்கள். பூனை கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ, வீட்டுப் பூனையாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த பூனையைக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம், அதைக் கண்காணிக்கச் சொல்வார்கள்.

மாமி சொல்லும் மீன் சந்தைக்கு வருகிறேன். அங்கே சாப்பாடு இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று நல்லெண்ணத்தில்தான் பலர் விடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதியதைக் கிட்ட விடாது. வீட்டுப் பூனைக்கு வாகனமும் தெரியாது, நாய்க் கூட்டமும் தெரியாது. சில கிலோமீற்றருக்கு அப்பால் விட்ட பூனை இளைத்து, காயத்தோடு வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததையும் கண்டிருக்கிறேன். இவை எல்லாவற்றையும் விட்டாலும், எலியும் மீன் கழிவும் இருக்கிற வளவில் இடம் காலியானால் அயலில் திரியும் இன்னொரு பூனை வந்து குந்தும். அது ஊசி போடாத, கைக்குப் பழகாத பூனையாக இருக்கும். மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சமையல் சட்டி பாழாவதைப் பற்றிய அவருடைய கோபம் நியாயமானது. மேடை ஒரு மாதம் சுத்தமாக இருந்தால் அவரே இறங்கி வருவார்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பெருத்த வயிறு. பூனை நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஏறத்தாழ 65 நாளில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பச் சினைப்படும். தாய் மகன் என்ற பேதமும் அதற்கு இல்லை. கடுவன் சுவரில் சிறுநீர் அடிப்பதும் இரவில் சண்டை பிடிப்பதும் பெரும்பாலும் நலமடித்த, அதாவது விதை நீக்கிய, பிறகு குறைந்துவிடும். ஆகவே கடுவனை இப்போதே கொண்டு போங்கள். நலமடித்த பிறகும் சில கிழமைக்கு அதனால் சினைப்படுத்த முடியும் என்பதை மறக்க வேண்டாம். தாய் குட்டி போட்டால் இரண்டாம் கிழமையில் இருந்து ஏழாம் கிழமை வரை குட்டிகளை வீட்டார் எல்லோரும் நாளாந்தம் மெதுவாகத் தூக்கிப் பழக்குங்கள். அந்த வயதில் கைபட்ட குட்டிதான் மனிதரோடு பயமின்றி வாழும். எட்டுக் கிழமைக்கு முன் யாருக்கும் கொடுக்க வேண்டாம். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஒப்பரேசன். அதுவரை அதைக் கடுவன்கள் திரியும் வளவுக்கு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பரேசனுக்கு முதலில் தொலைபேசியில் நாள் கேட்டுக்கொண்டு போங்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு வளர்ந்த பூனைக்குச் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். உரப்பை வேண்டாம், பயத்தில் அதற்கு மூச்சு முட்டும். ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாய்க்கு வாய் வைத்துக் கயிற்றால் கட்டி, உள்ளே அது படுக்கும் அந்தச் சாரத்தைப் போட்டு, மேலே ஒரு துணியால் மூடிக் கொண்டு போங்கள்.